கார்பன் நானோகுழாய்க் காடு ஏன் பாதியில் நின்றுவிடுகிறது? ஆற்றல் கருவிகளுக்காக வளர்ப்பவருக்கு ஒரு பதில்

முதுநிலை ஆய்வுக்காகக் கார்பன் நானோகுழாய்களை, அதாவது கார்பன் அணுக்களால் ஆன சில நானோமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழாய்களை, வளர்த்துவரும் மாணவர் ஒருவரின் கேள்வி இது. சிலிக்கான் வில்லையின் (மெல்லிய வட்டத் தகட்டின்) மேல் அலுமினா அடுக்கும், அதன் மேல் வினையூக்கியாக 1 நானோமீட்டர் தடிப்பில் இரும்பும் பூசி, 750 டிகிரி செல்சியஸில் எத்திலீனைச் செலுத்துகிறார். முதல் சில நிமிடங்கள் குழாய்கள் நன்றாக வளர்கின்றன. 200 மைக்ரான் உயரம் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதன்பின் ஒரு மணி நேரம் வாயுவை ஓட்டினாலும் பயனில்லை. சூப்பர் கபாசிட்டருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் பயன்படும்படி இவற்றைத் திறம்பட வளர்ப்பது எப்படி, வாயுவை மின்சாரத்தால் அயனியாக்கி வளர்க்கும் பிளாஸ்மா உலைக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்.

திறம்பட என்றால் எதைக் கணக்கில் வைத்து என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். செலவாவது இரும்பா, வாயுவா, மின்சாரமா, வில்லையின் பரப்பா என்பதைப் பொறுத்து ஒரே உலை மிகச் சிறந்ததாகவும் தெரியும், மிக மோசமானதாகவும் தெரியும். ஒரு சதுர சென்டிமீட்டர் வில்லையில் 1 நானோமீட்டர் இரும்பின் எடை ஏறத்தாழ 0.8 மைக்ரோகிராம். செங்குத்தாக நெருங்கி வளர்ந்த குழாய்களை நாம் காடு என்கிறோம். பார்வைக்கு அடர்த்தியாகத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி வெற்றிடமே. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.03 கிராம் அளவில்தான் இருக்கும். ஆகவே 1 மில்லிமீட்டர் உயரக் காடு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராம் எடை கொண்டது. அதாவது இரும்பைப்போல் 3,800 மடங்கு கார்பன். வினையூக்கியின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிடச் சிக்கனமாக ஒரு செயல்முறையை எதிர்பார்க்க முடியாது.

அதே சோதனையை வாயுவின் பக்கமிருந்து பாருங்கள். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் எத்திலீனைப் பத்து நிமிடம் செலுத்தினால் உள்ளே போன கார்பன் ஏறத்தாழ 1.07 கிராம். அந்த ஒரு சதுர சென்டிமீட்டரில் காடு 2.5 மில்லிமீட்டர் வளர்ந்தாலும் கிடைப்பது 9 மில்லிகிராமுக்கும் குறைவுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வாயு, வளர்ச்சிக்குப் பயன்படாமல் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. ஆய்வுக்கட்டுரைகளில் “உயர்திறன் வளர்ச்சி” என்று வரும் இடங்களில் பெரும்பாலும் முதல் கணக்குத்தான் பேசப்படுகிறது. தொழிற்சாலைக்காரருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவது கணக்கு. ஆய்வேட்டில் இரண்டையும் எழுதுங்கள். தேர்வாளர் கேட்காவிட்டாலும், பின்னர் வேலைக்குப் போகும் இடத்தில் கேட்பார்கள்.

இனி வளர்ச்சி ஏன் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். ஹைட்ரஜனில் சூடாகும்போது இரும்புப் படலம் ஆக்சைடு நிலையிலிருந்து மீண்டு, எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் முத்து முத்தாகத் திரள்வதுபோல், சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக உடைகிறது. எத்திலீன் அத்துகள்களின் மேல் சிதைந்து கார்பனை விட்டுச்செல்ல, அந்தக் கார்பன் துகளின் ஊடாகவும் அதன் பரப்பின் வழியாகவும் நகர்ந்து குழாயின் அடிவிளிம்பில் சேர்கிறது. அலுமினாவின் மேல் இரும்புத் துகள் பெரும்பாலும் தரையிலேயே தங்கிவிடும். புதிய கார்பன் அடியில் சேரச் சேர, ஏற்கெனவே வளர்ந்த பகுதி மேலே தள்ளப்படுகிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் காட்டின் உச்சிதான் அதன் மூத்த பகுதி.

அந்தத் துகளுக்கு மூன்று வழிகளில் முடிவு வரலாம். முதலாவது, சிதைந்து வந்த கார்பனில் குழாயாக ஒழுங்குபடாத பகுதி துகளின் மேல் கரித்தோலாகப் படிந்து வாயுவைத் தொட விடாமல் செய்வது. இரண்டாவது, சிறிய துகள்களிலிருந்து அணுக்கள் கழன்று பெரிய துகள்களுக்குப் போய்ச் சேர்வதால் சிறியவை தேய்ந்து மறைவது. ஆஸ்ட்வால்ட் முதிர்வு என்று இதற்குப் பெயர். மூன்றாவது, இரும்பு மெல்ல அலுமினாவுக்குள் ஊறி இறங்கிவிடுவது. பக்கத்துக் குழாய்கள் ஒன்றையொன்று தாங்கித்தான் நிமிர்ந்து நிற்கின்றன. எனவே துகள்களில் கணிசமான பங்கு செயலிழந்ததும் மிஞ்சியவையும் நேராக எழ முடியாமல் போக, காடு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிற்கிறது. மின்னணு நுண்நோக்கியில் காட்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே நேராக இருக்கும் குழாய்கள், கடைசியில் வளர்ந்த சில மைக்ரான்களில் சுருண்டும் கலைந்தும் கிடந்தால், துகள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்த கதை அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

வளர்ச்சியைக் கணக்காக வைத்துக்கொள்ள ஓர் எளிய சமன்பாடு போதும். தொடக்க வேகத்தையும் வினையூக்கியின் சராசரி ஆயுளையும் பெருக்கினால் காடு எட்டக்கூடிய உச்ச உயரம் கிடைக்கும். இடையிலான வளர்ச்சி அடுக்குக்குறி வளைகோடாக அந்த உச்சத்தை நெருங்கும். நிமிடத்துக்கு 50 மைக்ரான் வேகம், நான்கு நிமிட ஆயுள் என்றால் உங்கள் 200 மைக்ரான் வந்துவிடுகிறது. வேகத்தைக் கூட்டுவதா, ஆயுளைக் கூட்டுவதா என்பதே அடுத்த கேள்வி. வெப்பத்தையும் எத்திலீனையும் ஏற்றினால் வேகம் கூடும். ஆனால் கரித்தோலும் விரைவில் படியும், ஆயுள் சுருங்கும், பெருக்கற்பலன் பழைய இடத்திலேயே நிற்கும். பல மாணவர்கள் ஒரு பருவம் முழுவதையும் இந்த இடத்தில் செலவழித்துவிடுகிறார்கள்.

ஆயுளைக் கூட்டும் வழியைக் காட்டியவர்கள் ஜப்பானின் சுகுபா நகரில் உள்ள ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தின் கெஞ்சி ஹாட்டா குழுவினர். எத்திலீனோடு மில்லியனில் சில நூறு பங்குக்கு மேற்படாத நீராவியைச் சேர்த்து, பத்து நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரமான ஒற்றைச்சுவர்க் குழாய்க் (ஒரே ஒரு கார்பன் அடுக்கே சுவரான குழாய்) காட்டை வளர்த்ததாக 2004-இல் வெளியிட்டார்கள். அதன் கார்பன் தூய்மை 99.98 விழுக்காடு. நீர் அந்தக் கரித்தோலை மெல்ல எரித்துத் துகளின் முகத்தைத் திறந்து வைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். துகள்கள் ஒன்றையொன்று விழுங்குவதையும் நீர் தாமதப்படுத்துகிறது என்பது பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது. நீருக்கும் எத்திலீனுக்கும் உள்ள விகிதமே இங்கு முக்கியம். அது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. எத்திலீனைக் குறைத்துவிட்டு நீரைப் பழைய அளவிலேயே விட்டால் அதே நீர் இரும்பை ஆக்சைடாக்கி வளர்ச்சியைக் கொன்றுவிடும். நீர்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆல்கஹால், கீட்டோன், ஈதர் போன்று ஆக்சிஜன் உள்ள வேறு மூலக்கூறுகளும் இந்த வேலையைச் செய்யும் என்பதை அதே குழு பிற்பாடு காட்டியது.

உங்கள் உலையில் நீரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வில்லையை வைக்கக் குவார்ட்ஸ் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உட்சுவர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சூடாகும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அடைமழை நாட்களில் நன்றாக வளர்ந்த காடு கோடையில் குட்டையானதை நான் என் குறிப்பேட்டில் இரண்டு ஆண்டுகள் எழுதி வைத்த பின்னரே காரணத்தைப் புரிந்துகொண்டேன். ஒருமுறை கூடுதல் தூய்மையான ஆர்கான் உருளை வாங்கி மாட்டியதும் உயரம் பாதியாகக் குறைந்தது. வாயு கெட்டுவிட்டது என்று விற்பனையாளரிடம் சண்டை பிடித்தோம். உண்மையில் பழைய உருளையின் அழுக்குத்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் முன் வெற்றுக் குழாயைக் காற்றோட்டத்தில் 850 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு, சுவரில் படிந்த பழைய கரியை எரித்துவிடுங்கள். அதன்பின் ஆர்கானின் ஒரு கிளையை நீர்க்குமிழ்க் குடுவை வழியாகச் செலுத்தி, அளந்த ஈரத்தைச் சேருங்கள். வெளியேறும் வாயுவில் ஈரத்தை அளக்கும் பனிநிலை மானி ஒன்று இருந்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஹைட்ரஜனில் வைக்கும் நேரத்தையும் கவனியுங்கள். வாயு ஓட்டத்தைச் சரிசெய்வதற்காக எத்திலீன் திறக்கும் முன் பத்து, பதினைந்து நிமிடம் 750 டிகிரியில் காத்திருக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் துகள்கள் பெருத்துக்கொண்டும் அலுமினாவுக்குள் இறங்கிக்கொண்டும் இருக்கின்றன. எத்திலீன் வரும்போது ஆயுளில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கும். இரண்டு, மூன்று நிமிடம் போதுமா என்று சோதித்துப் பாருங்கள். அலுமினாவும் பூசும் முறையைப் பொறுத்தது. ஒழுங்கான படிகமான நீலமணித் தகட்டைவிட, தூவிப்படிய வைத்த ஒழுங்கற்ற அலுமினாவே இரும்பை நன்றாகப் பிடித்து வைக்கிறது.

இவ்வளவையும் சரிசெய்து ஆயுளை நீட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நிற்பது பரப்புக் கணக்கு. 1 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கிலோ குழாய் வேண்டுமானால் 33 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லைகளில் சொன்னால் நாலாயிரத்துக்கும் மேல். சிலிக்கான் வில்லையில் வளர்த்து பேட்டரித் தொழிலுக்குத் தர முடியாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். இதற்கு இரண்டு வழிகள் நடைமுறையில் வந்தன. ஹாட்டா குழு வில்லையை விட்டு நிக்கல் கலந்த உலோகத் தகடுகளுக்கு மாறியது. அந்த முறையை ஏற்றுக்கொண்ட ஜியோன் நிறுவனம் 2015-இல் ஜப்பானின் டோகுயாமாவில் ஒற்றைச்சுவர்க் குழாய் ஆலையைத் திறந்தது. மற்றொரு வழி பாய்மப் படுகை, அதாவது அடியிலிருந்து வரும் வாயுவில் துகள்கள் கொதிக்கும் கஞ்சிபோல் புரண்டுகொண்டிருக்கும் உலை. அரை மில்லிமீட்டர் பீங்கான் மணிகளை ஒரு லிட்டர் கொட்டினால் அவற்றின் மொத்தப் பரப்பு 7 சதுர மீட்டர் வரும். ஜப்பானில் சுகுரு நோடா குழு இப்படி மணிகளின் மேலேயே அரை மில்லிமீட்டர் அளவுக் காடுகளை வளர்த்து, செலுத்திய அசிட்டிலீனில் பெரும்பகுதியைக் குழாயாக மாற்றிக் காட்டியது. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஃபெய் வெய் குழு வினையூக்கித் தூளையே படுகையாக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் உள்ள பலசுவர்க் குழாய்களை மொத்தமாக விளைவிக்கும் முறையை 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பேட்டரிகளுக்குப் போகும் குழாய்களில் பெரும்பகுதி இப்போது இவ்வகை உலைகளில்தான் பிறக்கிறது.

எந்த வாயு என்பதற்கும் ஓர் ஆற்றல் கணக்கு இருக்கிறது. அசிட்டிலீன் கார்பனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும்போது மோலுக்கு 227 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. எத்திலீன் 52 கிலோஜூல் வெளிவிடுகிறது. மீத்தேனோ 75 கிலோஜூலை நம்மிடமிருந்து கேட்கிறது. எத்திலீன் உலையிலும் உண்மையில் இரும்பை விரைவாக ஊட்டுவது, வெப்பத்தில் எத்திலீன் சிதைந்து தோன்றும் அசிட்டிலீன் வகை மூலக்கூறுகளே என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால் மொத்த வாயுவையும் முன்சூடாக்கிச் சிதைப்பதைவிட, அந்த மூலக்கூறுகளைச் சிறிதளவு நேராகச் சேர்ப்பது மின்செலவைக் குறைக்கும். அசிட்டிலீனில் ஒரு கவனம் வேண்டும்: அதன் உருளையில் வாயு அசிட்டோனில் கரைந்து இருக்கிறது, உருளை காலியாகக் காலியாக அசிட்டோன் ஆவி கூடுதலாக வரும். மாதத் தொடக்கத்தில் ஒரு உயரம், மாதக் கடைசியில் வேறு உயரம் என்றால் சந்தேகத்தை அங்கே வையுங்கள்.

மீத்தேன் வெப்பத்தைக் கேட்டாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. 16 கிலோ மீத்தேன் 12 கிலோ கார்பனையும் 4 கிலோ ஹைட்ரஜனையும் தருகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறாத ஹைட்ரஜன் என்ற கோணத்தில் இன்று பல நாடுகளில் இதில் முதலீடு நடக்கிறது. ஒரு கிலோ கார்பனுக்கு அடிப்படை ஆற்றல் தேவை 1.7 யூனிட்தான், உலையின் வெப்ப இழப்பு அதைப் பல மடங்காக்கும் என்பது வேறு. கார்பன் டை ஆக்சைடையே உருகிய லித்தியம் கார்பனேட்டில் மின்னாற்பகுத்து நானோகுழாய் எடுக்கும் வழியை அமெரிக்காவின் ஸ்டூவர்ட் லிக்ட் குழு காட்டியிருக்கிறது. கருத்து அழகானது. ஆனால் ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு எலெக்ட்ரான் வேண்டும். கலம் 1 வோல்ட்டில் ஓடினாலே ஒரு கிலோவுக்கு 8.9 யூனிட் ஆகும், நடைமுறையில் அதற்கு மேல். மலிவான தூய மின்சாரம் இருக்கும் இடத்தில்தான் அது பொருள்படும். நம் பூசைக் கற்பூரத்தையே மூலப்பொருளாக்கி முகுல் குமாரும் யோஷினோரி ஆண்டோவும் நானோகுழாய் வளர்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எளிய உலை மட்டுமே உள்ள கல்லூரி ஆய்வகத்துக்கு அது நல்ல தொடக்கம்.

பயன்பாட்டுக்கு வருவோம், ஏனெனில் எப்படி வளர்க்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. லித்தியம் பேட்டரியில் நானோகுழாயின் வேலை பெரும்பாலும் மின்கடத்தும் துணைப்பொருள் என்ற அளவில்தான். நேர்முனையில் 2 அல்லது 3 விழுக்காடு கார்பன் கறுப்பு போடும் இடத்தில் 1 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ பலசுவர்க் குழாய் போதும். நீண்ட இழைகள் சில சேர்ந்தாலே வலை ஆகிவிடும், உருண்டைகள் வரிசை கட்ட நிறைய வேண்டும். சிலிக்கான் கலந்த எதிர்முனையில் ஒற்றைச்சுவர்க் குழாய்க்கு உண்மையான இடம் இருக்கிறது. லித்தியத்தை உள்வாங்கும்போது சிலிக்கான் ஏறத்தாழ நான்கு மடங்கு பருத்துப் பின் சுருங்கும். 0.1 விழுக்காடு அளவே உள்ள மெல்லிய குழாய்கள் அந்தத் துகள்களைத் தொடர்பு அறாமல் கட்டிவைக்கும்.

இந்தப் பயன்பாட்டுக்குச் செங்குத்துக் காடு தேவையே இல்லை. எப்படியும் கரைப்பானில் கலக்கிப் பசையாக்கப் போகிறோம். தேவைப்படுவது தூய்மை. குழாயோடு ஒட்டிக்கொண்டு வந்த இரும்பு, நேர்முனையின் மின்னழுத்தத்தில் கரைந்து, எதிர்முனையில் போய்ப் படிந்து, ஊசியாக வளர்ந்து பேட்டரிக்குள் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும். அதனால்தான் அமிலத்தில் கழுவுகிறார்கள், அல்லது 2,500 டிகிரிக்கு மேல் சூடாக்கி இரும்பை ஆவியாக்குகிறார்கள். வளர்ப்பதற்கு ஆன செலவைவிட இந்தச் சுத்திகரிப்பு கூடுதலாகிவிடுவதுண்டு. வினையூக்கியின் ஆயுளை நான் இவ்வளவு நீளமாகப் பேசியது உயரத்துக்காக மட்டும் அல்ல: ஒரு மில்லிகிராம் இரும்பு எவ்வளவு அதிகமாகக் கார்பனை விளைவிக்கிறதோ, அவ்வளவுக்குக் கழுவ வேண்டிய இரும்பு குறையும்.

சூப்பர் கபாசிட்டரில் போட்டி கடுமையானது. அங்கே எதிரில் நிற்பது தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து செய்யும் கிளர்வூட்டிய கார்பன். ஒரு கிராமுக்கு 1,500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு, விலையோ மிகக் குறைவு. முனைகள் மூடிய ஒற்றைச்சுவர்க் குழாயின் வெளிப்பரப்பு கோட்பாட்டளவில் கிராமுக்கு 1,315 சதுர மீட்டரைத் தாண்டாது. எனவே பரப்பை வைத்து வெல்ல முடியாது. மின்னழுத்தத்தை வைத்து வெல்லலாம். சிரட்டைக் கரிக்கலம் 2.7 வோல்ட் அளவில் நிற்க, தூய ஒற்றைச்சுவர்க் குழாய்களால் ஆன மின்முனையை ஹாட்டா குழு 4 வோல்ட் வரை இயக்கிக் காட்டியது. ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது மட்டுமே 2.2 மடங்கு. இரும்பும் ஒழுங்கற்ற கரியும் இருந்தால் அந்த அழுத்தத்தில் மின்பகுளி சிதையும் என்பதால், மீண்டும் தூய்மைக்கே வந்து நிற்கிறோம்.

காட்டை நிமிர்ந்த நிலையிலேயே மின்முனையாக்க நினைத்தால் அலுமினியத் தகட்டின் மேல் வளர்க்க வேண்டும். அது 660 டிகிரியில் உருகிவிடும். ஆகவே 600 டிகிரியை ஒட்டி வளர்க்கும் முறை வேண்டும். அங்கே அசிட்டிலீன் கைகொடுக்கும், எத்திலீன் மந்தமாகிவிடும். பிரான்சின் நவா நிறுவனம் அலுமினியத் தகட்டில் இப்படிக் காடு வளர்க்கும் வழியில் இறங்கியது. ஹைட்ரஜன் சேமிப்புக்கு நானோகுழாய் என்று யாராவது சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். 1997-இல் 5 முதல் 10 விழுக்காடு வரை சேமிக்கலாம் என்று வந்த செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பின்னர் ஜெர்மனியில் ஹிர்ஷர் குழு, ஒலியதிர்வில் கலக்கும் கம்பியிலிருந்து உதிர்ந்த டைட்டானியம் உலோகக்கலவையே அத்தகைய மாதிரிகளில் ஹைட்ரஜனை உறிஞ்சியது என்று காட்டியது.

பிளாஸ்மா உலையைப் பற்றிக் கேட்டீர்கள். வெப்பத்தைக் குறைக்கவும், தனித்தனிக் குழாய்களை நிமிர்த்தவும் அது உதவும். உங்கள் குறை வெப்பமும் அல்ல, நிமிர்வும் அல்ல. அயனிகள் மோதி மெல்லிய குழாய்களைச் சேதப்படுத்தும் தொல்லை வேறு சேரும். அந்தப் பணத்துக்கு ஈர அளவு மானியும், மில்லிலிட்டர் அளவில் துல்லியமான ஓட்டக் கட்டுப்படுத்தி ஒன்றும் வாங்குங்கள். கூடவே கையுறை வழியாக உள்ளே வேலை செய்யும் மூடிய பெட்டியும் நல்ல முகக்கவசமும் அவசியம். பலசுவர்க் குழாய்களில் ஒரு வகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் 2பி வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தர வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில், சேர்த்தது. அமெரிக்காவின் பணியிட நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். காட்டை வில்லையிலிருந்து சவர அலகால் சுரண்டி எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

முதல் வாரத்துக்கு இது போதும்: வெப்பத்தையும் எத்திலீனையும் தொடாமல், ஹைட்ரஜன் நேரத்தை மூன்று நிமிடமாக்கி, நீரை 50, 100, 200 என்று மில்லியனுக்கான பங்குகளில் மாற்றி, ஒவ்வோர் அளவுக்கும் 2, 5, 10, 20 நிமிடங்களில் நிறுத்திய நான்கு வில்லைகளின் உயரத்தை அளந்து வளைகோடு வரையுங்கள். அதில் தொடக்கச் சாய்வு மாறாமல் உச்சம் மட்டும் உயர்ந்தால், உங்கள் துகள்களை மூடிக்கொண்டிருந்தது கரித்தோல்தான். நீர் எந்த அளவிலும் உச்சத்தை அசைக்கவில்லை என்றால், அலுமினா பூச்சைச் சந்தேகியுங்கள்.